முண்டாசுக்காரர் எந்தக் கட்சி?

போன செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் ஊர் அரசலாற்றங்கரையில் ஒரு மனிதரைத் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணியால் மூடி, கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள்.

பதறாதீர்கள். அவர் சிமென்ட்டால் ஆனவர்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள் அல்லவா? உடனே காரைக்காலில் தலைவர்கள் எல்லாம் காணாமல் போய்விட்டார்கள். முச்சந்தியில் நின்றவர், மார்பளவில் இருந்தவர், விரலை நீட்டிக்கொண்டிருந்தவர் — எல்லோருக்கும் துணி. நடத்தை விதி அப்படி. சிலையைப் பார்த்து யாராவது மனம் மாறி ஓட்டுப் போட்டுவிட்டால்?

ஆனால் ஒன்று. வருஷம் முழுக்கக் காக்காய் மட்டுமே கவனித்துக்கொண்டிருந்த தலைவர்களை, மூடிய பிறகுதான் ஜனங்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், "இங்க யாரு இருந்தா?" என்று என் வீட்டுக்காரரே என்னிடம் கேட்டார். அந்தச் சிலையைத் தாண்டித்தான் மனிதர் ஆயுசு முழுக்க ஆபீஸுக்குப் போய் வந்தார்!

சரி, ஆற்றங்கரைக்காரருக்கு வருகிறேன். அவர் தலைவரே இல்லை. பின்னே ஏன் மூடினார்கள்? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தேன்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தேன்மொழியை நான் பார்த்தது புதுச்சேரியில். அக்கா மகளுக்கு அங்கே இன்டர்வியூ. துணைக்குப் போயிருந்தேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு, வெயில் தாங்காமல் எதிரே இருந்த கட்டடத்துக்குள் நுழைந்தேன். சிற்பக் கண்காட்சி என்று போர்டு இருந்தது. ஏ.சி.யும் இருந்தது. என் கலை ஆர்வம் அவ்வளவுதான்.

வாசலிலேயே மானம் போனது. உள்ளே சிலைகள் தெரிந்தன... பழக்கதோஷம், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். செக்யூரிட்டி என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டுக்கிட்டே போவலாம்மா" என்றார். போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டு ஒரு சிலைக்கு முன்னால் நிற்பது என்னவோ தப்பு செய்வது போலவே இருந்தது.

உள்ளே ஒரு பெரிய கருங்கல். கண் இல்லை, மூக்கு இல்லை. கீழே 'ஞாயிற்றுக்கிழமை' என்று தலைப்பு. பக்கத்தில் காட்டன் புடவையில் ஒரு பெண். முழங்கை வரை சின்னச் சின்னக் காயத் தழும்புகள்.

"இதுல ஞாயித்துக்கிழமை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன். எனக்கு மனதில் பட்டதைக் கேட்காவிட்டால் தூக்கம் வராது.

"நீங்க ஞாயித்துக்கிழமை என்னக்கா பண்ணுவீங்க?"

"ஒரு வாரத் துணியும் அன்னிக்குத்தான் துவைப்பேன்."

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா கெடப்பேன். அதான் இது."

மறுபடி பார்த்தேன். கல் சும்மாதான் கிடந்தது. ஆனால் எவ்வளவு நிம்மதியாகக் கிடந்தது தெரியுமா? எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சுக் கொடுத்தால்... எங்கள் காரைக்கால் பக்கத்துக் குரும்பகரத்துப் பெண்! அப்பா ராசமாணிக்கம் நெல் விவசாயி. இவள் கும்பகோணத்தில் சிற்பம் படித்துவிட்டு, இப்போது காரைக்காலில் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர். கோட்டுச்சேரியில் ஒரு ஷெட் வாடகைக்குப் பிடித்து, சனி ஞாயிறுகளில் கல்லும் சிமென்ட்டுமாக இருப்பாளாம். பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்க நான் புதுச்சேரி வரை போக வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நான் அவளுக்கு 'அக்கா'. அவள் எனக்குச் சிலை பார்க்கும் வியாதியைக் கொடுத்துவிட்டாள். வெளியூர் போனால் இப்போது ரவுண்டானாக்களில் இறங்கிவிடுகிறேன். கல்வெட்டைப் படிக்கிறேன். திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் — எல்லோரும் இருக்கிறார்கள். செய்தவர் பெயர்? தேடினாலும் கிடைக்காது. ரிப்பன் வெட்டியவருக்குக் கல்வெட்டு, கல் வெட்டியவருக்கு ஒன்றுமில்லை. என்ன நியாயம் இது?

போன வருஷம் அரசலாற்றங்கரை நடைபாதையில் ஒரு சிற்ப முகாம் நடத்தினார்கள். சில சிற்பிகள் வந்து தங்கி, அங்கேயே செய்து, அங்கேயே நிறுவிவிட்டுப் போனார்கள். உடம்பை வளைத்துக்கொண்டு ஒரு மீன். பிள்ளைகள் அதில் சறுக்கி விளையாடுகிறார்கள். ஒரு பெரிய வளையம். அதற்குள் நின்று செல்ஃபி எடுக்காத புதுமணத் தம்பதி காரைக்காலில் கிடையாது.

தேன்மொழி செய்தது ஒரு மனிதர். குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். தலையில் முண்டாசு. நெற்றிக்கு மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேற்கே பார்ப்பார். அவர் என்ன பார்க்கிறார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊர் வயலுக்கும் பாய்ந்துவிட்டு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு வரும். கடைமடை. வாய்க்காலில் தண்ணீர் தலை காட்டுகிறதா என்று இப்படித்தான் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பெயர்ப் பலகை வைக்கிறோம் என்றார்கள். வைக்கவில்லை. அதில் தேன்மொழிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்ததை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஏனென்றால் அந்த மனிதர் அவளுடைய அப்பா. அசல் ராசமாணிக்கம்.

அதை வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? நம் வீடுகளில் சுவரில் மாலை போட்டு மாட்டிய போட்டோ என்றால் என்ன அர்த்தம்? சிலை என்றால் அதைவிட ஒரு படி மேல். உயிரோடு இருக்கிறவருக்குச் சிலை வைப்பதாவது! அதுவும் ராசமாணிக்கம் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வந்தவர். அவள் அம்மா அன்றிலிருந்து வீட்டில் பல்லி கத்தினால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறவர். "அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிடுவாங்கக்கா" என்றாள் தேன்மொழி.

அப்பா எப்படி? கோபக்காரர் இல்லை. ஆனால் மகள் செய்யும் வேலை அவருக்குப் பிடிபடவே இல்லை. "கோயிலுக்குச் செய்யிறியா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். இல்லை என்றாள். "அப்ப தலைவருங்களுக்கா?" அதுவும் இல்லை. "பின்ன யாருக்கும்மா?" அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவள் செய்த எதையும் அவர் வந்து பார்த்ததில்லை.

இப்படியே போயிருக்கும். நெல் ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் வாயைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை தேன்மொழிக்கு அப்பாவிடமிருந்து போன். "தேனு, ஆத்தங்கரையில என்னை மாதிரியே ஒருத்தன் குந்திக்கிட்டு இருக்கானாமே? நாளைக்குக் காலையில வந்து பாக்குறேன்." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களும் வந்து நில்லுங்கக்கா. வெளி மனுஷங்க முன்னாடி அப்பா சத்தம் போட மாட்டாரு."

"போட்டா போடட்டும். நல்லாத்தானே செஞ்சிருக்கே?"

"அதில்லைக்கா... ஆகாதுன்னு அவரு மனசுல பட்டுட்டா? எடுன்னு ஒரு வார்த்தை சொன்னாருன்னா எடுத்துடுவேன். ஒடைச்சுக்கூடப் போட்டுடுவேன். நெஞ்சுவலி வந்த மனுஷன்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. அதட்டலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. அந்தச் சிலைக்கு எத்தனை நாள் கை புண்ணாக உழைத்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா என்றால் அவளுக்கு எவ்வளவு உயிர் என்றும் தெரியும். இரண்டில் ஒன்றுதான் என்று ஆனால் எது போகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நாங்கள் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனால்... அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. வெள்ளைத் துணி. கயிறு.

உட்கார்ந்த நிலையில் துணி சுற்றிக் கட்டியிருந்தது எதைப் போல இருந்தது என்று நான் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். தேன்மொழி அப்படியே நின்றுவிட்டாள். "அப்பா வந்துடுவாருக்கா... இதைப் போயி பாத்துட்டாருன்னா..."

எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக முன்னே போகும். போனேன். பறக்கும் படை அதிகாரி ஒருவர், இளைஞர், ராத்திரியெல்லாம் விழித்த கண்கள். கூடவே வீடியோ எடுப்பவர். துணி கட்டிய ஆட்கள் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், தலைவர்கள் சிலையைத்தானே மூடச் சொல்லியிருக்காங்க?"

"ஆமாங்க மேடம்."

"இவரு எந்தத் தலைவரு?"

"அதான் மேடம் தெரியலை. தெரிஞ்ச தலைவரா இருந்தா லிஸ்ட்ல இருப்பாரு. இவரு லிஸ்ட்லயும் இல்லை, பேரும் எழுதலை. தலைப்பா கட்டியிருக்காரு, கையைத் தூக்கியிருக்காரு... நாளைக்கு யாராச்சும் புகார் குடுத்தா நான்தான் மாட்டுவேன்."

"அப்ப அந்த மீனை ஏன் மூடலை?"

"மீன் யாருன்னு தெரியுதுங்களே."

வாயடைத்துப் போனேன். எனக்கு இது அபூர்வம். ஆனால் மனிதர் சொன்னதில் தப்பு என்ன? நம் ஊரில் ஒரு சிலை என்றால் சாமி, இல்லாவிட்டால் தலைவர். மூன்றாவதாக ஒருவர் வந்து சும்மா குந்தியிருந்தால் அரசாங்கம் என்னதான் செய்யும் பாவம்!

"யாருன்னு சொல்லிடுங்க மேடம், அவுத்துடறோம்" என்றார் அவர், தன்மையாகத்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு மொபெட் வந்து நின்றது. ராசமாணிக்கம்.

தோளில் துண்டு. ஒல்லியான மனிதர். ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, அந்த வெள்ளை மூட்டையைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"சொல்லுங்க மேடம், யாரு இவரு?" என்று அதிகாரி மறுபடியும் கேட்டார்.

தேன்மொழி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா சார்."

"அப்பாங்களா... எப்ப தவறினாங்க?"

"தவறலை சார்." அவள் கையை மட்டும் நீட்டினாள். "இந்தா நிக்கிறாரு."

அதிகாரி திரும்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் கடமை இருக்கிறதே. "ஐயா, நீங்க எந்தக் கட்சிங்க?"

"நான் கட்சியெல்லாம் இல்லைங்க. விவசாயம்."

"விவசாயிகள் சங்கத்துல எதாச்சும் பொறுப்பு?"

"பொறுப்புல்லாம் ஏதுங்க. மாடு இருக்கு, பாத்துக்கிறேன்."

"எலெக்‌ஷன்ல நிக்கிற மாதிரி யோசனை?"

"நமக்கெதுக்குங்க அது!"

அதிகாரி போனை எடுத்தார். "சார்... ஆத்தங்கரை சிலை சார். தலைவர் இல்லை சார். உயிரோட இருக்காரு சார்... இல்லை சார், சிலை இல்லை, சிலையோட ஆளு... பக்கத்துலதான் நிக்கிறாரு சார்... மொபெட்ல வந்தாரு." மறுமுனையில் என்ன திட்டினார்களோ! போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவுத்துப் பாத்து, ரெண்டும் ஒண்ணுதானான்னு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்றாரு."

கயிற்றை அவிழ்த்தார்கள். துணி விழுந்தது.

"ஐயா, மன்னிச்சுக்குங்க... இதே மாதிரி செத்த நேரம் உக்காருறீங்களா?"

"வேணாம் சார்! எங்கப்பாவைப் போயி..." என்று தேன்மொழி குறுக்கே வந்தாள். ராசமாணிக்கம் கையைக் காட்டி நிறுத்தினார். துண்டை எடுத்து உதறி முண்டாசு கட்டினார். சிலைக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை, கை தானாக நெற்றிக்குப் போனது. முகம் மேற்கே திரும்பியது.

வாக்கிங் வந்தவர்கள் எல்லாம் அதற்குள் கூடிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் ஒரே மாதிரி உட்கார்ந்து, இந்தக் கோடையில், வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் இருவரையும் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"சரிங்கய்யா, போதும்" என்றார் அதிகாரி.

ராசமாணிக்கம் எழுந்தார். சிலையின் முகத்தைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன். பார்த்தார், ஆனால் அதில் நிற்கவில்லை. முகத்தைத்தான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறாரே! மெதுவாகப் பின்பக்கம் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

கையை எடுத்துச் சிலையின் முதுகில் வைத்தார்.

"எம் முதுகு இப்படியா தேனு இருக்கும்?"

"ஆமாப்பா."

"இந்தப் பக்கம் இவ்வளவு எறங்கியா இருக்கு?"

"மம்முட்டி வெட்டி வெட்டி எறங்கிடுச்சுப்பா. சட்டை போட்டா தெரியாது. வயல்ல நிக்கிறப்ப தெரியும்."

"நான் பாத்ததே இல்லையே..." என்றார். முதுகெலும்பின் மேல் விரல் ஒவ்வொரு கணுவாக இறங்கியது. "நான் பாக்காததை எல்லாம் நீ எப்ப பாத்த?"

"சோறு எடுத்துக்கிட்டு வரப்புல வருவேனேப்பா. நீங்க திரும்பவே மாட்டீங்க. நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன்."

நான் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? என்னை எத்தனையோ போட்டோ எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நேராகத்தான் நிற்கிறேன். என் முதுகை இதுவரை யார் பார்த்தார்கள், பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. சுற்றி வந்து பார்ப்பதற்குத்தான் சிலை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

துணியை மடித்துக்கொண்டிருந்த அதிகாரி கிளம்பும்போது திரும்பி வந்தார். சங்கோஜத்தோடு கேட்டார். "நல்லாருக்குங்க... யாரு செஞ்சது?"

ஒரு வருஷமாக அந்த வழியில் நடந்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி! மூட வந்தவர் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ராசமாணிக்கம் முந்திக்கொண்டார்.

"எம் பொண்ணு."

அதிகாரி தலையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அடுத்து யாரை மூடப் போனாரோ! கூட்டமும் கலைந்தது. தேன்மொழி அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"அப்பா... எடுத்துடவா?"

"எதை?"

"இதைத்தான். அம்மா மனசுக்கு... ஆகாதுன்னு..."

அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கண்ணையும் சேர்த்துத்தான். "கெடக்கட்டும். அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மொபெட்டுக்குப் போனார். உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அணைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"தேனு, உங்கம்மாவையும் செஞ்சுடும்மா. உசுரோட இருக்கும்போதே."

நான் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து டி.வி.யில் தேர்தல் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நின்று அவரைப் பார்த்தேன். பிறகு மெதுவாக அவரைச் சுற்றி வந்தேன். பின்பக்கம் போய் நின்றேன். கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம்... இத்தனை வருஷமாக அங்கேதான் இருந்திருக்கிறது!

மனிதர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "என்னத்தைத் தொலைச்சே?"